காலண்டர் தாளில் எத்தனை காலம்? வேத ஜோதிடத்தின் தொடக்கமும் அடித்தளமும்

சேலத்தில் எந்தக் கடைக்குள் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும் சரி, ஐந்து ரோடு துணிக்கடையானாலும் சரி, தாளில் அச்சாகியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ‘லாபம்’, ‘கவலை’, ‘நட்பு’ என்று ஒற்றைச் சொல்லில் பலன்.

இவ்வளவையும் சேர்த்து ‘வேத ஜோதிடம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இந்த வரிகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்பதுதான் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும். நட்சத்திரம் வேத காலத்தது. திதிக் கணக்கு வேதாங்க காலத்தது, அதாவது வேதத்தின் துணை நூல்கள் எழுந்த காலத்தது. ராசியும் லக்னமும் பொது ஆண்டின் முதல் சில நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. கிழமையும் அந்த வரவில் ஒன்று. கிழமையை வைத்துப் பார்க்கிற ராகு காலம் அதற்கும் பிந்தியதாகத்தான் இருக்க முடியும். வேத சங்கிதைகளில் லக்னம் கிடையாது, பன்னிரு கட்டம் கிடையாது, தசாபுத்தி கிடையாது. எந்த நாளில் எந்தக் காரியம் என்ற ஒரு கேள்விதான் அங்கே உண்டு.

யாகத்துக்கு நாள் குறித்தவர்கள்

வேதத்துக்கு அங்கங்கள் ஆறு: சிட்சை, கற்பம், வியாகரணம், நிருத்தம், சந்தம், ஜோதிடம். உச்சரிப்பும் இலக்கணமும் யாப்பும் மந்திரம் பிசகாமல் இருப்பதற்கு. கற்பம் சடங்கின் செய்முறைக்கு. ஜோதிடம் அந்தச் சடங்கின் நேரத்துக்கு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் செய்ய வேண்டிய வேள்வியை மறுநாள் செய்தால் பலன் இல்லை என்று நம்பிய சமூகத்துக்குச் சந்திரனின் கணக்கு அன்றாடத் தேவை. ‘வேதத்தின் கண்’ என்று ஜோதிடத்தைச் சொன்னது இதனால்தான். வருங்காலத்தைப் பார்க்கும் கண் என்று அதை இப்போது விளக்குகிறார்கள். அது பின்னால் ஏறிய பொருள்.

இந்த அங்கத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய நூல் லகதர் பெயரில் வழங்கும் வேதாங்க ஜோதிடம். மிகச் சிறியது. ரிக் வேத மரபில் 36 சுலோகம், யசுர் வேத மரபில் நாற்பத்துச் சொச்சம். ஐந்து ஆண்டுகளை ஒரு யுகம் என்று வைத்துக்கொண்டு அதற்குள் 1,830 நாள், 62 சந்திர மாதம், சந்திரன் நட்சத்திர மண்டலத்தை 67 முறை சுற்றுதல் என்று கணக்கைக் கட்டுகிறது. 1,830 நாளை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 366 நாள் வரும். உண்மையான ஆண்டைவிட முக்கால் நாள் அதிகம். ஒரு யுகம் முடிவதற்குள் கணக்கு மூன்றே முக்கால் நாள் தள்ளிப்போயிருக்கும், ஆகவே அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்தாமல் இதை ஓட்டியிருக்கவே முடியாது. கிரகங்கள் எந்த ராசியில் என்று இந்த நூலில் தேடினால் ஏமாற்றம்தான். சூரியன், சந்திரன், நட்சத்திரம், அயனம், பருவம், பகலின் நீளம், இவ்வளவே.

பகல் நீளத்தைப் பற்றி அது சொல்வதைச் சேலத்தில் உட்கார்ந்து சரிபார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் விகிதம் 18க்கு 12 முகூர்த்தம் என்கிறது நூல். முகூர்த்தம் என்பது 48 நிமிடம்; ஆக நீண்ட பகல் 14 மணி 24 நிமிடம், குறுகியது 9 மணி 36 நிமிடம். சேலம் இருப்பது வட அட்சம் 11.65 பாகையில். இங்கே ஜூன் பகல் சுமார் 12 மணி 48 நிமிடம், டிசம்பர் பகல் சுமார் 11 மணி 26 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. லகதரின் விகிதம் பொருந்துவது 35 பாகையை ஒட்டிய வடமேற்குப் பகுதிகளுக்கு. கணக்கு எந்த வானத்தின் கீழ் பிறந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

காலத்துக்கும் இப்படியொரு தடயம் உண்டு. உத்தராயணத் தொடக்கத்தில் சூரியன் அவிட்டத்தின் ஆரம்பத்தில் இருப்பதாக நூல் சொல்கிறது. இப்போது டிசம்பர் 21, 22 வாக்கில் சூரியன் மூலத்தில் நிற்கிறது. இடைவெளி ஏறத்தாழ 47 பாகை. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் அயனப்புள்ளி, அதாவது சூரியன் வடக்கே திரும்பும் இடம், ஒரு பாகை பின்னகர 72 ஆண்டு எடுக்கும். பெருக்கினால் சுமார் 3,400 ஆண்டு. அவிட்டத்தின் எல்லையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இது சில நூற்றாண்டு முன்பின் போகும். நூலின் மொழி நடையோ அவ்வளவு பழையதாக இல்லை. பழைய நோக்கீட்டைப் பின்னால் செய்யுளாக்கியிருக்க வேண்டும்.

நட்சத்திரத்துக்கு ஒரு தேவதை

வேத மரபின் ஆன்மிகம் முதலில் நட்சத்திரத்தில்தான் ஏறி உட்கார்ந்தது. யசுர் வேதத்தில் வரும் நட்சத்திரப் பட்டியல் அசுவினியில் தொடங்குவதில்லை, கார்த்திகையில் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவதை: கார்த்திகைக்கு அக்கினி, ரோகிணிக்குப் பிரஜாபதி, மிருகசீரிடத்துக்குச் சோமன், திருவாதிரைக்கு உருத்திரன், புனர்பூசத்துக்கு அதிதி, பூசத்துக்குப் பிரகஸ்பதி, ஆயில்யத்துக்குச் சர்ப்பங்கள், திருவோணத்துக்கு விஷ்ணு. கார்த்திகை அக்கினிக்கு உரியதாகையால் வேள்வித் தீயை அந்த நாளில் நிறுவலாம் என்கிறது ‘பிராமணம்’ என்ற வேதச் சடங்கு விளக்க நூல். நாளும் தேவதையும் செயலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இந்த அடுக்கு நம்மிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. மார்கழித் திருவாதிரையில் சுகவனேஸ்வரர் கோயில் முதல் ஏற்காட்டு அடிவாரச் சின்னச் சிவன் கோயில் வரை ஆருத்ரா தரிசனம் என்றால் அது உருத்திரனின் நட்சத்திரம் என்பதால். திருவோணம் பெருமாளுக்கு, கார்த்திகை தீபத்துக்கு. அசுவினிக்கு முதலிடம் வந்தது ராசிச் சக்கரம் புழக்கத்துக்கு வந்த பிறகு.

திதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம்

பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்கள் திதி, வாரம் (கிழமை), நட்சத்திரம், யோகம், கரணம். வாரம் தவிர மற்ற நான்குக்கும் இரண்டே எண் போதும்: சூரியன் நிற்கும் பாகை, சந்திரன் நிற்கும் பாகை. மேஷத்தின் தொடக்கத்தைப் பூச்சியமாக வைத்து 360 வரை எண்ண வேண்டும்.

ஓர் ஆடி மாதத்து நாளை எடுத்துக்கொள்வோம். சூரியன் 100 பாகையில், அதாவது கடகத்தில் 10. சந்திரன் 247 பாகையில், அதாவது தனுசில் 7. இரண்டுக்கும் இடைவெளி 147. திதி ஒன்றுக்கு 12 பாகை. 147ஐ 12ஆல் வகுத்தால் 12.25, பன்னிரண்டு திதி முடிந்து பதின்மூன்றாவது நடக்கிறது, வளர்பிறைத் திரயோதசி. நட்சத்திரத்துக்குச் சந்திரனின் எண் மட்டும் போதும். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). 247ஐ அதனால் வகுத்தால் 18.5க்குச் சற்று மேல்; அசுவினியிலிருந்து பத்தொன்பதாவது, மூலம். பாதி தாண்டிவிட்டதால் மூன்றாம் பாதம். யோகத்துக்கு இரண்டு எண்ணையும் கூட்டி அதே 13 பாகை 20 கலையால் வகுக்க வேண்டும்: 347க்கு இருபத்தேழாவது, வைதிருதி. கரணம் பாதித் திதி, 6 பாகை. 147க்கு இருபத்தைந்தாவது அரைத்திதி, கௌலவம்.

திதி ஏன் ஒரு நாள் காலை எட்டு மணிக்கும் மறுநாள் காலை பத்து மணிக்கும் மாறுகிறது என்று கேட்பார்கள். சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும் தொலைவில் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. 12 பாகையைக் கடக்கச் சில நாள் 19 மணி நேரமே போதும், சில நாள் 26 மணி நேரத்தைத் தாண்டும். இதனால் ஒரு திதி ஒரு சூரியோதயத்தைக்கூடத் தொடாமல் போய்விடலாம். இன்னொன்று இரண்டு சூரியோதயத்தைத் தொடலாம்.

அப்போது எந்த நாளில் விரதம்? சடங்குக்கு நேரம் என்ற பழைய கொள்கை இங்கேதான் உயிரோடு இருக்கிறது. பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். ஏகாதசிக்குச் சூரியோதயத்தைப் பார்ப்பது பொதுவழக்கு. சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும் நேரம். தர்ப்பணத்துக்கு அபராண்ணம், பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு, சுமாராகப் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகிறவர் ஒரு நாளும், வீட்டில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர் முந்தின நாளும் அமாவாசை என்று சொன்னால் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். ‘இன்றைக்கு என்ன திதி’ என்ற கேள்வி அரைகுறை. ‘எந்தக் காரியத்துக்கு’ என்பதும் சேர்ந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஆடிப்பெருக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆடி 18 என்பது சூரியனை மட்டும் வைத்த தேதி. ஆகஸ்ட் 2 அல்லது 3ல் மேட்டூர்க் காவிரியில் கூட்டம் நிச்சயம். தீபாவளியோ சந்திரனைச் சேர்ந்தது, அதனால்தான் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே அலைகிறது.

ராசி எங்கிருந்து வந்தது

மேஷம், ரிஷபம் என்ற பன்னிரு ராசியும், பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியை லக்னமாக வைத்துப் பலன் சொல்லும் முறையும் யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், வழியாக வந்தவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. யவன ஜாதகம் என்றே ஒரு சமஸ்கிருத நூல் இருக்கிறது. ஓரை, கேந்திரம், திரேக்காணம் போன்ற கலைச்சொற்கள் கிரேக்கச் சொற்களின் வழிவந்தவை. இதை அவமானமாக நினைத்து மறைக்கிறவர்கள் 6ஆம் நூற்றாண்டு ஜோதிட நூலாசிரியர் வராகமிகிரரைப் படித்தால் தேவலை. யவனர்கள் மிலேச்சர்களானாலும் (அந்நியரானாலும்) இந்தச் சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்று பிருகத் சங்கிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

கிழமையும் அப்படித்தான். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை குறிப்பிடும் மிகப் பழையவற்றில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள புதகுப்தன் காலத்துத் தூண், 484ஆம் ஆண்டு, வியாழக்கிழமை. கிழமைகளின் வரிசை ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஏன் தாவித் தாவிப் போகிறது என்பதற்கு ஓரையில், அதாவது ஒரு கிரகம் ஆளும் ஒரு மணி நேரத்தில், விடை இருக்கிறது. கிரகங்களை மெதுவானதிலிருந்து வேகமானதுக்கு அடுக்கினால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த வரிசையில் ஒவ்வொரு கிரகமாக ஆட்சி கொடுங்கள். சனிக்கிழமை சூரியோதயத்தில் சனி ஓரை. வரிசை மூன்று முறை முழுதாகச் சுற்றி 21 மணி போகும், மீதி மூன்று மணி சனி, குரு, செவ்வாய்; இருபத்தைந்தாவது மணி, அதாவது மறுநாள் உதயம், சூரியனுக்கு. அது ஞாயிறு. அங்கிருந்து எண்ணினால் திங்கள். காலண்டர் தாளின் பின்புறம் ஓரை அட்டவணை இருந்தால் விரல்விட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதனால் எல்லாமே இரவல் என்று ஆகிவிடாது. திதி, நட்சத்திரம், கரணம், முகூர்த்தம் இங்கே பிறந்தவை. வாழ்நாளை ஒன்பது கிரகங்களின் ஆட்சிக் காலமாகப் பிரிக்கும் விம்சோத்தரி தசையும் இங்கேயே வளர்ந்தது. கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17, கூட்டினால் 120 ஆண்டு. பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரம் தொடக்கத் தசையைத் தீர்மானிக்கும். ரோகிணி சந்திரனுக்கு உரியது. ரோகிணியில் சந்திரன் 10 பாகை கடந்துவிட்டிருந்தால் மீதி 3 பாகை 20 கலை, அதாவது கால் பங்கு. பத்தாண்டில் கால் பங்கு இரண்டரை ஆண்டு. ‘கர்ப்பச் செல் போக இருப்பு’ என்று குறிப்பில் எழுதியிருப்பது இதைத்தான். இந்த ஒன்பது தசைக்கும் கணக்கின் தொடக்கம் கார்த்திகை, சூரிய தசை. வேதப் பட்டியலின் முதல் நட்சத்திரம் இங்கே கமுக்கமாகத் தொடர்கிறது.

தமிழ் நிலத்தில் ராசிக் கட்டத்துக்கு முந்தைய அடுக்கு பாட்டுகளிலேயே பதிவாகியிருக்கிறது. அகநானூற்றின் 86, 136ஆம் பாட்டுகளில் திருமணம் நடக்கிறது: பந்தல் போட்டு, மணல் பரப்பி, சந்திரன் உரோகிணியோடு கூடிய நல்ல நாளில். ஜாதகப் பொருத்தம் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

ஜாதகத்தின் முதல் வரி

ஆன்மிக அடித்தளம் எது என்று தெரிய வேண்டுமானால் பெரிய நூலுக்குப் போக வேண்டாம். வீட்டுப் பீரோவில் இருக்கும் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டைத் திறந்தால் போதும். பெரும்பாலானவற்றில் முதலில் இந்தச் சுலோகம் இருக்கும்: ‘ஜனனீ ஜன்ம சௌக்யானாம், வர்த்தனீ குல சம்பதாம், பதவீ பூர்வ புண்யானாம், லிக்யதே ஜன்ம பத்ரிகா.’ பிறவியின் சுகங்களுக்குத் தாயாகவும், குலத்தின் செல்வத்தை வளர்ப்பதாகவும், முற்பிறவிப் புண்ணியத்தின் தடமாகவும் இந்த ஜாதகம் எழுதப்படுகிறது என்பது பொருள். கிரகம் செய்யும் என்று எங்கும் இல்லை. முன்பு செய்ததன் பதிவு என்றுதான் இருக்கிறது.

வராகமிகிரரும் இதையே சொல்கிறார்: முற்பிறவியில் சேர்த்த நல்வினை தீவினையின் பலனை, இருட்டில் கிடக்கும் பொருளை விளக்கு காட்டுவது போல இந்தச் சாத்திரம் காட்டுகிறது. விளக்கு பொருளை உண்டாக்குவதில்லை. ‘சனி என்னைப் படுத்துகிறான்’ என்பது பேச்சு வழக்கு. மரபின் கொள்கைப்படி சனி அங்கே சாட்சி மட்டுமே.

வினையை மூன்றாகப் பிரிப்பது வேதாந்தத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் பொது. பல பிறவியாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்துக்கொண்டது பிராரப்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஜாதகம் பேசுவது நடுவில் உள்ளதைப் பற்றித்தான். ஆகாமியம் நம் கையில் இருப்பதால்தான் பரிகாரம், தானம், ஜபம் என்பதற்கெல்லாம் மரபில் இடம் உண்டு. எல்லாம் எழுதியபடிதான் என்றால் பரிகாரத்துக்குக் காசு வாங்குவதில் அர்த்தமே இல்லை. எதையும் மாற்றலாம் என்றால் ஜாதகம் பார்ப்பதில் அர்த்தமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவரிடம் சற்று நிதானமாகவே இருக்க வேண்டும்.

பன்னிரண்டு வீடும் நான்கு புருஷார்த்தமாகப் பிரிவதும் இந்தக் கொள்கையிலிருந்து வந்தது. 1, 5, 9 அறம். 2, 6, 10 பொருள். 3, 7, 11 இன்பம். 4, 8, 12 வீடுபேறு. ஐந்தாம் இடத்தைப் பூர்வ புண்ணிய ஸ்தானம் என்பதும் ஒன்பதைப் பாக்கிய ஸ்தானம் என்பதும் அறத்தின் முக்கோணத்தில் அவை இருப்பதால்தான். எட்டும் பன்னிரண்டும் உலகக் கணக்கில் கெட்ட வீடுகள், மோட்சக் கணக்கில் அப்படியல்ல. ஒரே கட்டத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது தொடக்கத்தில் குழப்பும், பிறகு பழகிவிடும்.

மரபு தன் ஜோதிடத்துக்குத் தானே வரம்பும் போட்டது. முண்டக உபநிடதம் நான்கு வேதத்தையும் ஆறு அங்கத்தையும், ஜோதிடம் உட்பட, கீழான வித்தை என்ற வகையில் வைக்கிறது. அழிவற்றதை அறிவது மட்டுமே மேலான வித்தை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தில் ஞாயிறு முதல் பாம்பு இரண்டு வரை எல்லாம் அடியார்க்கு மிக நல்லவை என்று பாடினார். கிரகத்தை மறுக்கவில்லை, அதன் மேல் ஒருவனை வைத்தார். அதற்கும் முன்பே, காலம் கணித்துச் சொல்லும் கணியர்களில் ஒருவரான பூங்குன்றனார் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று எழுதியிருக்கிறார்.

கணிதமும் பலனும் ஒரே உறுதி உடையவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்திரன் எங்கே நிற்கிறது என்பதை யாரும் சரிபார்க்கலாம். பலனைச் சோதித்தபோது நிலைமை வேறு: வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில் 27 ஜோதிடர்கள், ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து, படிப்பில் சிறந்த பிள்ளையா மனவளர்ச்சி குன்றிய பிள்ளையா என்று சொல்ல வேண்டியிருந்தது. சராசரியாகச் சரியானது 46 சதவீதம். காசு சுண்டிப் பார்த்தால் 50 வந்திருக்கும்.

வாக்கியமா, திருக்கணிதமா

2023ல் சனிப்பெயர்ச்சி இரண்டு முறை நடந்தது போலத் தோன்றியிருக்கும். சனி கும்பத்துக்கு வந்தது இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கொண்டாடியது இரண்டாவதை. வாக்கியப் பஞ்சாங்கம் (பாம்புப் பஞ்சாங்கம் இந்த வகை) பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், ஒரு நாளுக்கு ஒன்று. எழுத்தையே எண்ணாக மாற்றி மனப்பாடம் செய்யும் அழகான முறை. ஆனால் அதன் மாறிலிகள் பல நூற்றாண்டுக்கு முந்தியவை, சிறு பிழை ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த டிசம்பரில் வானத்துச் சனி கும்பத்துக்குள் சுமார் 8 பாகை போய்விட்டிருந்தது. கோயில் விழாவுக்கு அந்தக் கோயில் பின்பற்றும் பஞ்சாங்கம் எதுவோ அதுவே சரி. ஜாதகம் கணிக்கத் திருக்கணிதம் நல்லது. ஒரே ஜாதகத்தில் லக்னம் ஒன்றிலும் தசை இன்னொன்றிலும் எடுப்பது மட்டும் கூடாது. இரண்டு பேர் கணித்த ஜாதகத்தில் தசை இருப்பு மாதக்கணக்கில் வேறுபடுவதற்குப் பாதிக் காரணம் இது.

திருக்கணிதத்திலும் அயனாம்சம் எது என்று கேட்க வேண்டும். பருவங்களை வைத்த ராசிச் சக்கரத்துக்கும் நட்சத்திரங்களை வைத்த சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955ல் அறிக்கை தந்தது. அதன் வழி வந்த லாகிரி அயனாம்சம் இப்போது சுமார் 24 பாகை 12 கலை. டிசம்பர் 21, 22ல் சூரியன் வடக்கே திரும்பினாலும் தை முதல் தேதி ஜனவரி 14 வாக்கில் வருவது இந்த 24 பாகை இடைவெளியால்தான். சூரியன் வடக்கே திரும்புவதும் மகரத்தில் நுழைவதும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுக்கு முன், ராசிச் சக்கரம் இங்கே நிலைகொண்ட காலத்தையொட்டி.

சேலத்துக்குக் கணிக்கும்போது

இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியது. சேலம் 78.15ல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று எடுத்தால் இங்கே உள்ளூர் நேரம் 17 நிமிடம் பின்தங்கும். கையால் கணிக்கும் பழைய அட்டவணைக்கு இதைக் கழிக்க வேண்டும். செல்போன் செயலியில் ஊரைத் தேர்ந்தெடுத்தாலே அது கழித்துக்கொள்ளும். மறுபடி நீங்களும் கழித்தால் லக்னம் 4 பாகை தவறும். ஊர் என்ற இடத்தில் சென்னையையே விட்டுவைத்தால் எட்டரை நிமிடம், சுமார் 2 பாகை பிசகு. ராசி லக்னம் மாறாமல் தப்பினாலும், ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவதால் அங்கே அடிபடும். ஏற்காட்டில் பிறந்தவருக்குச் சேலத்தையே போடலாம், வித்தியாசம் சில விநாடி. மலை உச்சியிலிருந்து பார்த்தால் சூரியன் சில நிமிடம் முன்னதாகத் தெரியும், அடிவாரத்தில் மலை மறைத்தால் தாமதமாகத் தெரியும். பஞ்சாங்கத்தின் உதயம் தட்டையான தொடுவானத்துக்கானது, இரண்டையும் அது கண்டுகொள்வதில்லை.

ராகு காலத்துக்கும் உதயம் முக்கியம். பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாவது, சனிக்கு மூன்றாவது, பிறகு வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று எட்டாவது வரை. ‘திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று மனப்பாடம் செய்வது இந்த வரிசையைத்தான். திங்களுக்குத் தாளில் உள்ள 7.30 முதல் 9 வரை என்பது ஆறு மணி உதயம், ஆறு மணி அஸ்தமனம் என்று வைத்த கணக்கு. ஜூனில் சேலத்தில் 5.53க்கு உதயம், திங்கட்கிழமை ராகு காலம் 7.29 முதல் 9.05 வரை, கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஜனவரிக் கடைசியில் உதயம் 6.42, அஸ்தமனம் 6.17, ஒரு பங்கு 87 நிமிடம். அதே திங்கட்கிழமை 8.09 முதல் 9.36 வரை ஆகிவிடும். தாளைப் பார்த்து ஒன்பது மணிக்குக் கடை திறந்தவர் கணக்குப்படி ராகு காலத்துக்குள்ளேயே திறந்திருக்கிறார்.

பழைய குறிப்பைச் செயலியில் ஏற்றும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்குகிறது. புதன் விடிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்குக் குறிப்பில் ‘செவ்வாய்க்கிழமை’ என்றே இருக்கும். அதை நம்பிச் செவ்வாய் 3 மணி என்று ஏற்றினால் சந்திரன் ஒரு நாள் பின்னுக்குப் போய் நட்சத்திரமே மாறிவிடும். அடுத்தது ‘உதயாதி நாழிகை 12-30’, அதாவது உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை. இது மதியம் பன்னிரண்டரை அல்ல. நாழிகை 24 நிமிடம், பன்னிரண்டரை நாழிகை 5 மணி நேரம். அன்றைய உதயம் 6.10 என்றால் பிறப்பு 11.10. தாத்தா பாட்டி ஜாதகமாக இருந்து, கடிகார நேரமும் எழுதியிருந்து, பிறப்பு 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபர் நடுவுக்கும் இடையில் என்றால் போர்க்கால நேரமா என்று பார்க்க வேண்டும். அப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். ஒரு மணி என்றால் லக்னத்தில் அரை ராசி.

கட்டம் கைக்கு வந்ததும் பலன் பார்க்குமுன் ஒரு நிமிடம் சோதித்துவிடுங்கள். சூரியன் தமிழ் மாதத்துக்குரிய ராசியில் இருக்க வேண்டும்: சித்திரை மேஷம், ஆடி கடகம், தை மகரம். உதயத்தை ஒட்டிப் பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்திலோ பக்கத்திலோ, நண்பகல் என்றால் பத்தாம் வீட்டையொட்டி, அஸ்தமனம் என்றால் ஏழு, நள்ளிரவு என்றால் நான்கு. பௌர்ணமியில் பிறந்தவருக்குச் சந்திரன் சூரியனுக்கு எதிரே. ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிர். புதன் சூரியனைவிட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, ஆகவே அதே ராசி அல்லது அடுத்த ராசி. சுக்கிரன் 47 பாகைக்குள், ஆகவே இரண்டு ராசிக்கு அப்பால் போகாது. நண்பகலில் பிறந்ததாகச் சொன்னவருக்குச் சூரியன் நான்காம் வீட்டில் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது நேரத்துக்குப் பக்கத்தில் முற்பகல் பிற்பகல் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்பது.